பற்றும் பகிர்வும்: பணிப்பிணைப்பும் தொழிலறிவுப் பகிர்வும் – நாமக்கல் மாவட்டத் தொழில்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தொழிலாளர்க்குத் தம் பணியின்மீதுள்ள பிணைப்பு மிகுந்தால், அவர்கள் தம் தொழிலறிவைப் பிறரோடு பகிர்வதும் மிகும் என்பது மேலாண்மையியல் ஆய்வுகளில் பரவலாக வழங்கும் கருத்து. நாமக்கல் மாவட்டத்தின் விசைத்தறித் தொழில், லாரித் தொழில் ஆகிய இரண்டையும் முன்வைத்து இக்கருத்தை இக்கட்டுரை மீளாய்வு செய்கிறது. தமிழில் ‘பற்று’ என்னும் சொல் அன்பையும் குறிக்கும். கடன் கணக்கையும் குறிக்கும். இவ்விரு பொருளும் பணிப்பிணைப்பின் இரு வேறு வகைகளைச் சுட்டுகின்றன. கடனால் ஆகிய பிணைப்பு ஆளை நிறுத்துகிறதேயன்றி அறிவைப் பகிரச் செய்வதில்லை. பற்றின் அளவைவிட, அப்பற்று எதன்மீது அமைகிறது என்பதே பகிர்வின் எல்லையை வரையறுக்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபு. நன்னூலின் பொதுப்பாயிரம் கூறும் ஆசிரிய, மாணாக்கர் இலக்கணங்கள் இதற்குத் துணைச்சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பணிப்பிணைப்பு, அறிவுப் பகிர்வு, உள்ளுறை அறிவு, பாக்கி, நன்னூல், விசைத்தறி, லாரித் தொழில், நாமக்கல்.

முன்னுரை

சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டமாக இயங்கிவருவது நாமக்கல். நாமக்கல் நகரில் லாரிப் போக்குவரத்தும், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளும் பெருகியுள்ளன. நகரைச் சூழ்ந்த ஊர்களில் முட்டைக்கோழிப் பண்ணைகள் நிறைந்துள்ளன. திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளால் பிற மாநிலங்களிலும் அறியப்பட்ட ஊர். காவிரிக் கரையில் அமைந்த குமாரபாளையமும் பள்ளிபாளையமும் விசைத்தறி ஊர்கள்.

இத்தொழில்களுக்குப் பொதுவான பண்பு ஒன்று உண்டு. இவற்றின் அறிவில் பெரும்பகுதி கல்லூரியிலோ கையேட்டிலோ பயின்றதன்று. ஒருவர் அருகில் நின்று மற்றொருவர் பழகியது. தறியின் ஓசை மாறியதைக் கொண்டு கோளாற்றை அறிவது, சக்கரத்தைக் கம்பியால் தட்டிக் காற்றின் அளவைக் கணிப்பது, ஏற்றப்போகும் சரக்குக்கு ஏற்பப் பாடியின் கட்டுமானத்தை அமைப்பது முதலியன அத்தகையன. ஆதலின் கை தேர்ந்தவர் கற்றுத்தராமல் தொழிலைவிட்டு விலகினால், அந்நுணுக்கம் அவரோடு மறையும்.

கை தேர்ந்தவர் எந்நிலையில் கற்றுத்தருகிறார், எந்நிலையில் மறைக்கிறார் என்பதே இங்கு எழும் வினா. இதற்கு மேலாண்மையியல் ஒரு விடை தருகிறது. தமிழ் இலக்கண மரபு மற்றொரு விடை தருகிறது. இவ்விரண்டையும் நாமக்கல் மாவட்டத் தொழில்களின் நடைமுறையோடு ஒப்பிட்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். இது வினாநிரல் கொண்டு நிகழ்த்திய கணக்கெடுப்பு அன்று. அச்சில் வெளிவந்த ஆய்வுகளையும் தொழில் வழக்குச் சொற்களையும் அடிப்படையாகக் கொண்ட விளக்கமுறை ஆய்வாகும்.

பணிப்பிணைப்பு: கோட்பாட்டு விளக்கம்

தொழிலாளர் ஏன் பணியை விட்டு நீங்குகின்றனர் என்பதையே நீண்டகாலம் மேலாண்மையியலார் ஆராய்ந்து வந்தனர். டெரன்ஸ் மிட்செல், புரூக்ஸ் ஹோல்டம், தாமஸ் லீ முதலியோர் 2001இல் வெளியிட்ட கட்டுரை, அவ்வினாவைத் திருப்பி, தொழிலாளர் ஏன் நிலைத்திருக்கின்றனர் என்று கேட்டது. அவர்கள் முன்வைத்த கோட்பாட்டை இக்கட்டுரை ‘பணிப்பிணைப்பு’ எனச் சுட்டுகிறது. அது மூன்று கூறுகளை உடையது. உடன் பணிபுரிவோர், மேலாளர், உறவினர், அயலார் ஆகியோருடன் உள்ள தொடர்புகள் முதற்கூறு. பணிக்கும் தனக்கும், ஊருக்கும் தனக்கும் உள்ள பொருத்தம் இரண்டாம் கூறு. பணியை விட்டால் இழக்க நேர்வன மூன்றாம் கூறு. இம்மூன்றும் பணியிடத்துக்கு உள்ளும் அமையலாம். வெளியே வாழும் ஊரிலும் அமையலாம். எனவே ஒருவரைப் பணியில் நிறுத்துவது நிறுவனம் மட்டுமன்று, அவர் வாழும் ஊருமாகும் என்பது இக்கோட்பாட்டின் சிறப்பு.

இதற்கு முன்னர் 1991இல் ஜான் மேயர், நடாலி ஆலன் ஆகியோர் நிறுவனப் பற்றை மூவகைப்படுத்தினர். இருக்க விரும்புவதால் இருத்தல், வேறு வழியின்மையால் இருத்தல், இருக்கக் கடமைப்பட்டதாகக் கருதி இருத்தல் என அவற்றைக் கூறலாம். மூவகையினரும் வெளிப்பார்வைக்கு ஒரே பணியில் நிலைத்திருப்பவரே. அவர்தம் மனநிலையோ வேறு வேறானது.

தமிழ்ப் பேச்சுவழக்கு இவ்வேறுபாட்டை இயல்பாகவே காட்டுகிறது. ‘இந்த வேலையை விட முடியாது’ என்பதும் ‘இந்த வேலையை விட மனமில்லை’ என்பதும் ஒன்றல்ல. முன்னது இழப்பை எண்ணிக் கூறுவது. பின்னது விருப்பத்தால் கூறுவது. தொழிலாளரிடம் ‘பணிப்பற்று’ என்னும் ஒரே சொல்லால் வினவி, விடைகளுக்கு மதிப்பெண் இட்டுச் சராசரி காணும்போது, முடியாமையும் மனமின்மையும் ஒரே எண்ணாகிவிடுகின்றன. அறிவுப் பகிர்வை ஆராய்வோர்க்கு இவ்வேறுபாடே அடிப்படையானது.

உள்ளுறை அறிவும் பகிர்வும்

மனிதர் தாம் சொல்லக்கூடியதைவிட மிகுதியாக அறிந்திருக்கின்றனர் என்னும் கருத்தை மைக்கேல் பொலானி 1966இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். சொல்லில் முழுதும் அடங்காத அவ்வறிவை ‘உள்ளுறை அறிவு’ எனலாம். அகப்பாடலில் உள்ளுறை, சொல்லப்பட்ட கருப்பொருளுக்குள் சொல்லப்படாத பொருளாய் நிற்பதுபோல, இவ்வறிவும் செய்யும் செயலுக்குள் மறைந்து நிற்பது. இகுஜிரோ நொனாகா, ஹிரோடகா தக்கேயுச்சி ஆகியோர் 1995இல், ஜப்பானிய நிறுவனங்களில் இவ்வறிவு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லும் முறையை விளக்கினர். அதன் முதற்படி உடன் இருந்து பழகுதல். சொல்லாக்கியும் தொகுத்தும் எழுதுவன அதன் பின்னர் வருவன.

‘பழகுதல்’ என்னும் தமிழ்ச்சொல் இவ்விடத்தில் கருதத்தக்கது. ‘தொழில் பழகுகிறான்’ என்பதும் ‘அவரோடு பழகுகிறான்’ என்பதும் ஒரே வினைச்சொல்லால் வழங்குவன. தொழிலைக் கற்பதும் தொழிலறிந்தவரோடு உறவு கொள்வதும் தமிழ் வழக்கில் பிரித்தறியப்படவில்லை. ஜீன் லேவ், எட்டியன் வெங்கர் ஆகியோர் 1991இல் வெளியிட்ட ஆய்வும் இதனையே கோட்பாடாக நிறுவியது. புதியவர் தொழிற்குழுவின் விளிம்பில் சிறு பணிகளைச் செய்யத் தொடங்கி, படிப்படியாக நடுவிடத்தை அடைவதே தொழிற்கல்வி என்பது அவர்கள் கருத்து. விளிம்பில் நிற்பதற்கு ஓரிடம் இல்லையெனில் கற்றல் தொடங்கவே வழியில்லை.

பகிர்வுக்கு மறுதலை மறைத்தல். பணியிட அறிவு மறைப்பை 2012இல் கேதரின் கானெல்லியும் பிறரும் மூவகையாகப் பகுத்தனர். அரைகுறையாகச் சொல்லியோ பின்னர்ச் சொல்வதாகக் கூறியோ தட்டிக்கழிப்பது, தெரியாததுபோல் நடிப்பது, சொல்ல இயலாமைக்குக் காரணம் காட்டுவது என்பன அவை. பகிராமை என்பது எப்போதும் அறியாமையோ அக்கறையின்மையோ அன்று. எண்ணித் துணிந்து செய்வதாகவும் இருக்கலாம் என்பதை இப்பகுப்பு உணர்த்துகிறது.

நன்னூல் பொதுப்பாயிரம் காட்டும் பகிர்வு

பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் ஊர் சனகாபுரம். அதனைக் கொங்குநாட்டுச் சீனாபுரம் எனக் கருதுவோர் உண்டு. அவரது நன்னூலின் பொதுப்பாயிரம் நூல், ஆசிரியர், பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கர், பாடங்கேட்கும் முறை ஆகிய ஐந்தையும் வரையறுக்கிறது. இலக்கணக் கல்வியை நோக்கி எழுதப்பட்டதாயினும், அறிவு கைமாறும் முறை குறித்த பொதுக்கோட்பாடாகவும் இதனைப் படிக்க இடமுண்டு.

ஆசிரியர் அல்லாதார்க்கு நன்னூல் நான்கு உவமைகளைக் கூறுகிறது. இட்ட முறை பிறழத் திருப்பித் தருவது கழற்காய் பெய்த குடம். தானே தந்தாலன்றித் தன்னை அணுகிக் கொள்வோர்க்கு இடங்கொடாதது மடற்பனை. அரிதில் பெற்றதைப் பிறர்க்கு எளிதில் தராதது பருத்திக்குண்டிகை. தனக்கு உதவியவரை விடுத்து அயலார்க்குப் பயன்படுவது முடத்தெங்கு. இவற்றுள் மடற்பனையும் பருத்திக்குண்டிகையும் இன்றைய ஆய்வாளர் கூறும் அறிவு மறைப்புக்கு நெருங்கியவை. முடத்தெங்கு, ஓரிடத்தில் பயின்று வேறிடத்துக்குப் பயன்படும் தொழிலாளியை நினைவூட்டுவது.

எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. நன்னூல் இக்குற்றங்களை ஆளின் இயல்பாக வைத்துப் பேசுகிறது. தொழிற்களத்தில் ஒரே ஆள் ஓரிடத்தில் மடற்பனையாகவும் மற்றோரிடத்தில் வரையாது வழங்குபவராகவும் இருப்பதைக் காண இயலும். எனவே இயல்பை மட்டுமன்றிச் சூழலையும் ஆராய வேண்டியுள்ளது. அதற்கான குறிப்பும் நன்னூலிலேயே உண்டு. தன் மகன், ஆசான் மகன், மன்னன் மகன், பொருள் மிகக் கொடுப்போன், வழிபடுவோன், உரைத்ததைக் கொள்ளும் திறனுடையோன் என அறுவரைப் பாடங்கேட்டற்கு உரியோராக அது வகுக்கிறது. உறவு, அதிகாரம், பொருள், பணிவிடை, தகுதி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே அறிவு கைமாறும் என்பது இதன் உட்பொருள். இன்றைய பட்டறையில் ‘யாருக்குக் கற்றுத்தருவது’ என்னும் வினாவுக்கும் ஏறத்தாழ இவையே விடைகளாக அமைகின்றன.

பாடங்கேட்டலைக் கூறுமிடத்து நன்னூல் மேலும் ஒரு கணக்கைத் தருகிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் புலமையில் கால்பங்கே கைவரும். உடன் பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு கால்பங்கு கைவரும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிறையும். பகிர்தல் அறிந்தவன் செய்யும் கொடை மட்டுமன்று, அவனது அறிவு முழுமையுறும் வழியுமாகும் என்பது இதனால் பெறப்படும். கற்றுத்தர ஆளற்ற தொழிலாளியின் அறிவும் இக்கணக்கின்படி அரைப்பங்கிலேயே நின்றுவிடும்.

சொல்வழக்கில் பற்று

நன்னூல் மேற்கண்ட கணக்கில், கற்றதைக் கைக்கொள்வதற்குப் ‘பற்று’ என்னும் வினையையே ஆள்கிறது. இச்சொல்லின் பொருட்பரப்பு விரிவானது. பிடித்தல், அன்பு, உலகியல் ஈடுபாடு என்பன பரவலாக அறியப்பட்ட பொருள்கள். திருக்குறளின் துறவு அதிகாரம் விடச்சொல்லும் பற்று இவ்வீடுபாடே. உலோகங்களை ஒட்டவைக்கும் பொருளுக்குப் ‘பற்றாசு’ என்று பெயர். கணக்கெழுதும் வழக்கில் ‘பற்று’ ஒருவர் பெயரில் எழுதப்படும் கடன். ‘பற்றுவரவு’ கொடுக்கல் வாங்கல் கணக்கு.

‘பிடித்தம்’ என்னும் சொல்லும் இத்தகையது. மனத்துக்கு உகந்ததும் பிடித்தம். கூலியிலிருந்து முன்பணத்துக்காகக் கழிப்பதும் பிடித்தம். ‘சொந்தம்’ உறவையும் குறிக்கும், உடைமையையும் குறிக்கும். தொழிலாளியையும் தொழிலையும் இணைக்கும் சொற்கள் பலவும் இவ்வாறு அன்புக்கும் கணக்குக்கும் பொதுவாக நிற்கின்றன. இவ்விரட்டைத்தன்மை வாழ்க்கையில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதற்குக் குமாரபாளையம் சான்றாகிறது.

குமாரபாளையம்: பாக்கியால் ஆகிய பிணைப்பு

காவிரியின் ஒரு கரையில் ஈரோடு மாவட்டத்துப் பவானியும், எதிர்க்கரையில் நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையமும் அமைந்துள்ளன. பவானி ஜமக்காளத்துக்குப் பெயர்பெற்றது. குமாரபாளையம் விசைத்தறிக்கும் சாயப்பட்டறைக்கும் பெயர்பெற்றது. இவ்விரு ஊர்களிலும் 1990களில் களஆய்வு நிகழ்த்திய மானிடவியலாளர் கேர்ட் டி நேவே, ‘பாக்கி’ எனப்படும் முன்பண முறையை 1999இல் வெளியிட்ட கட்டுரையிலும் 2005இல் வெளியிட்ட நூலிலும் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

தறி உரிமையாளர், ஆளைத் தம்மிடம் நிறுத்திக்கொள்ளும் பொருட்டு முன்பணம் தருகிறார். அத்தொகை தொழிலாளியின் பெயரில் பாக்கியாக நிற்கிறது. அது தீராதவரை அவர் விலகக்கூடாது என்பது எதிர்பார்ப்பு. இதனைப் புதுவகைக் கொத்தடிமை முறை என்று மட்டும் கூறிவிட இயலாது என்பது டி நேவேயின் வாதம். ஆள் தட்டுப்பாடு உள்ள காலத்தில் தொழிலாளரே பாக்கி கேட்டுப் பெறுகின்றனர். அதனைப் பேரம் பேசும் கருவியாகவும் கொள்கின்றனர். புதிய உரிமையாளர் தரும் தொகையால் பழைய பாக்கியை அடைத்து இடம் மாறுகின்றனர். பிணைப்பும் எதிர்ப்பும் ஒரே நடைமுறைக்குள் இயங்குகின்றன. உரிமையாளர் எண்ணிய நிலைத்தன்மை பாக்கியால் உறுதியாகக் கிட்டுவதில்லை.

டி நேவேயின் ஆய்வு அறிவுப் பகிர்வைப் பற்றியதன்று. எனினும் பணிப்பிணைப்புக் கோட்பாட்டின் நோக்கில் அதனைப் படிக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. பாக்கி என்பது ‘இழக்க நேர்வன’ என்னும் மூன்றாம் கூற்றை மட்டும் பெருக்கும் பிணைப்பு. தொடர்பையும் பொருத்தத்தையும் அது தானாக உண்டாக்குவதில்லை. பாக்கியுள்ள தொழிலாளி தறியருகே நிற்பது உறுதி. அருகில் நிற்பவர்க்குக் கற்றுத்தருவது உறுதியன்று.

இதற்குக் கூலி முறையும் காரணம். நெய்த அளவுக்கே கூலி என்னும் முறையில், ஒரே ஆள் பல தறிகளைக் கவனித்துக்கொள்கிறார். இழை அறுந்தால் முடிவது, தார் தீர்ந்தால் மாற்றுவது, பாவு தீர்ந்தால் புதிய பாவைப் பழைய பாவோடு பிணைப்பது என நொடிகள் கூலியாகக் கணக்காகும் இடம் அது. புதியவர் ஒருவருக்குச் சொல்லித்தரும் நேரம், சொல்லித்தருபவரின் கூலியிலிருந்து கழிகிறது. கற்பிப்பதற்குக் கூலி இல்லை. கற்பிப்பதால் கூலி குறையும். இந்நிலையில் அவர் பருத்திக்குண்டிகையாக இருப்பாராயின், அதனை இயல்பின் குற்றம் என்பதைவிடக் கணக்கின் விளைவு என்பதே பொருந்தும். அவரே கணவன், மனைவி, உடன்பிறந்தார் என ஒரே கூடத்தில் பணிபுரியும் குடும்பத்தார்க்குத் தயங்காமல் கற்றுத்தரக்கூடும். அவர்தம் கூலி ஒரே அடுப்புக்கு வருவதால், கற்பிக்கும் நேரம் அங்கு இழப்பாவதில்லை.

உறவின் இவ்வாற்றலை உரிமையாளரும் அறிவர். உறவுமுறைச் சொற்களாலும் ‘நாமெல்லாம் சொந்தக்காரர்’ என்னும் பேச்சாலும் தொழிலாளரைத் தம்பால் நிறுத்த அவர்கள் முயல்வதையும், அம்முயற்சி பலவிடத்தும் எண்ணிய பயனைத் தராமற்போவதையும் டி நேவே 2008இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரையில் விளக்கியுள்ளார். சொந்தம் என்னும் சொல்லைக் கடன் கணக்கின்மீது போர்த்துவதால் மட்டும் உறவு உண்டாவதில்லை.

நாமக்கல்: பட்டறையும் லாரியும்

நாமக்கல் நகரின் பாடி கட்டும் பட்டறைகளில் பணியின் அமைப்பு வேறு. தொழிற்சாலையிலிருந்து வரும் சேசிஸ்மீது ஓட்டுநர் அறை, தளம், பக்கப்பலகைகள் ஆகியவற்றை அமைத்து முழு லாரியாக்கும் இப்பணியில் தச்சர், கொல்லர், வெல்டர், டிங்கர், பெயிண்டர், எலக்ட்ரீஷியன் எனப் பல தொழிலாளர் அடுத்தடுத்துப் பங்கேற்கின்றனர். ஒருவர் பணி முடிந்த இடத்தில் மற்றொருவர் பணி தொடங்குகிறது. சட்டத்தின் கோணல் தகடு பொருத்துபவருக்கும், தகட்டின் மேடுபள்ளம் வண்ணம் பூசுபவருக்கும் சுமையாகிறது. ஆகவே ஒருவர் மற்றவர் பணியின் நுணுக்கத்தை அறிவதும் அறிவிப்பதும் அவரவர் நலனுக்கே உரியன. நல்லெண்ணம் ஒருபுறமிருக்க, பணியின் ஒன்றையொன்று சார்ந்த தன்மையே இங்குப் பகிர்வைத் தூண்டுகிறது.

பட்டறை உரிமையாளரின் அச்சம் வேறிடத்தில் உள்ளது. நன்கு பயின்ற தொழிலாளி விலகித் தனிப்பட்டறை தொடங்கலாம். தொழிலாளராயிருந்தோர் உரிமையாளராக உயர்வது கொங்குப் பகுதித் தொழில் வளர்ச்சியின் இயல்பு. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் அதனை ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். பயிற்றுவித்த பட்டறையின் நோக்கில் விலகியவர் முடத்தெங்கு. நகரின் நோக்கிலோ அறிவு எங்கும் போய்விடவில்லை. ஒரு பட்டறையிலிருந்து மற்றொரு பட்டறைக்குச் சென்று ஊருக்குள்ளேயே நிற்கிறது. ஒரே தொழில் ஓரிடத்தில் செறிந்திருக்கும்போது அதன் நுணுக்கங்கள் மறைபொருளாக நில்லாமல் ஊர்க்காற்றில் கலந்தவைபோல் ஆகிவிடுகின்றன என்னும் கருத்தை ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இலேயே கூறினார். மிட்செல் முதலியோர் கூறும் பணியிடத்துக்கு வெளியிலான பிணைப்பு, அதாவது ஊர்ப்பிணைப்பு, இவ்வாறு நிறுவனத்தின் இழப்பை ஊரின் ஆக்கமாக மாற்றுகிறது.

நிறுவனத்தைக் கடந்த இத்தகைய பகிர்வுக்கு அயல்நாட்டுச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பணியாளரை ஆராய்ந்த ஜூலியன் ஓர், 1996இல் வெளியிட்ட நூலில், நிறுவனம் அளித்த கையேடுகள் உதவாத இடங்களில் அவர்கள் ஒருவர்க்கொருவர் கூறிக்கொண்ட அனுபவக் கதைகளே உதவின என்பதைக் காட்டினார். உணவு வேளையில் நிகழ்ந்த அப்பேச்சு, வெட்டிப்பேச்சன்று. பணியின் ஒரு பகுதி. நெடுஞ்சாலை உணவகங்களிலும் லாரிப் பேட்டைகளிலும் ஓட்டுநர் பேசிக்கொள்ளும் மலைப்பாதை, சோதனைச்சாவடி, பழுது பற்றிய செய்திகளும் இத்தகையனவே. ஓட்டுநரின் பற்று இங்குத் தம் முதலாளிமீது மட்டும் அமைவதன்று. சாலைமீதும் ஒத்த தொழிலோர்மீதும் அமைவது.

லாரித் தொழிலின் பழைய பள்ளி, ஓட்டுநர்–கிளீனர் உறவு. கிளீனராக ஏறிய இளைஞர், வண்டி துடைப்பதிலும் தார்ப்பாய் கட்டுவதிலும் தொடங்கி, சக்கரம் மாற்றி, எஞ்சினின் ஓசை அறிந்து, வெற்றிடத்தில் வண்டியை நகர்த்திப் பழகி, ஆண்டுகள் சென்று ஓட்டுநராவார். லேவும் வெங்கரும் கூறிய விளிம்பிலிருந்து நடுவிடத்துக்கு வரும் பயணத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. நன்னூல் கூறும் வழிபடுவோனும் கொள்ளும் திறனுடையோனும் இவ்விடத்தில் ஒருவரே. ‘அண்ணே’ என்னும் விளிக்குள் பணிவிடையும் பாடமும் ஒருங்கே நடந்தன.

இன்று செலவைக் குறைக்கும் பொருட்டுக் கிளீனர் இல்லாமலே பல லாரிகள் இயங்குகின்றன. நீக்கப்பட்ட கூலி கணக்கில் மிச்சமாகத் தெரிகிறது. நீக்கப்பட்ட மாணாக்கன் எக்கணக்கிலும் தெரிவதில்லை. ஓட்டுநர் தட்டுப்பாடு குறித்து லாரித் தொழிலார் வருந்தும்போது, ஓட்டுநரை உருவாக்கிய இடமே காலியாகிவிட்டது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். ஓட்டுநர் உரிமம் பெறுவதற்கான பயிற்சி, வண்டியை இயக்கக் கற்றுத்தரும். நள்ளிரவு மலைப்பாதையில் சரக்கோடு இறங்கும்போது கேட்கும் ஓசைகளின் பொருளை அறிய, அறிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஓட்டுநர்க்குத் தொழிற்பற்று எவ்வளவு இருப்பினும், கேட்பார் இருக்கை காலியாயின் பகிர்வு நிகழாது.

பற்றின் எல்லையும் பகிர்வின் எல்லையும்

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். பற்று கடன்மீது அமையுமாயின், பகிர்வு குடும்பத்தைத் தாண்டுவதில்லை. பற்று உறவின்மீது அமையுமாயின், பகிர்வு உறவுக்குள் நிற்கும். பட்டறையின்மீது அமையுமாயின், பட்டறைச் சுவருக்குள் நிற்கும். தொழிலின்மீதும் ஊரின்மீதும் அமையுமாயின், பகிர்வு அவ்வூர் முழுவதும் பரவும்.

மிகுந்த பிணைப்பு எப்போதும் நன்மையே தரும் என்பதற்கும் இல்லை. உறவாலும் சாதியாலும் இறுகிய தொடர்பு, உள்ளிருப்பவர்க்குக் கதவைத் திறக்கும்போதே வெளியிலிருப்பவர்க்கு அதனை அடைக்கிறது. நன்னூல் கூறிய அறுவருள் முதலில் நிற்பவன் தன் மகன் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். தகுதியுடையோன் அப்பட்டியலில் இடம்பெறுகிறான். ஆனால் அவனுக்கு முன் ஐவர் நிற்கின்றனர்.

இவ்வொழுங்கு இன்று சோதனைக்குள்ளாகியுள்ளது. கொங்குப் பகுதியின் தறிக்கூடங்களிலும் கோழிப்பண்ணைகளிலும் ரிக் வண்டிகளிலும் வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் பெருகியுள்ளனர். அவர்கள் இவ்வூர்க்கு உறவினர் அல்லர். இவ்வூரில் நிலைத்திருக்க எண்ணுவோர் பலரும் அல்லர். முன்பணமே அவர்களைப் பிணைக்கும் கயிறாகுமாயின், அவர்கள் கற்பதும் கற்பிப்பதும் குறைவாகவே அமையும். மூத்த தொழிலாளரின் பிள்ளைகள் கல்வி பெற்று வேறு பணிகளை நாடுவது வரவேற்கத்தக்கது. எனினும் தன் மகன் என்னும் முதலிடம் காலியாகும்போது அவ்விடத்துக்கு வேறொருவரை ஏற்காவிடில், கைமாறாத அறிவு கையோடு போய்விடும். கடனைத் தவிர வேறு பிணைப்பு இல்லாத இளைஞரை, மூத்தவர் தம் அறிவுக்கு உரியவராகக் காண்பாரா என்பதே இத்தொழில்கள் எதிர்கொள்ளும் வினா.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிபுகள் பின்வருமாறு:

1. பணியில் நிலைத்திருப்பதும் அறிவைப் பகிர்வதும் ஒரே காரணத்தால் விளைவன அல்ல. தொடர்பாலும் பொருத்தத்தாலும் ஆகிய பிணைப்பு பகிர்வைத் தூண்டுகிறது. இழப்பு அச்சத்தால் மட்டும் ஆகிய பிணைப்பு ஆளை நிறுத்துகிறது.

2. தமிழில் ‘பற்று’, ‘பிடித்தம்’, ‘சொந்தம்’ ஆகிய சொற்கள் அன்புக்கும் கணக்குக்கும் பொதுவானவை. தமிழ்வழித் தொழிலாளர் ஆய்வுகளில் ‘பணிப்பற்று’ என ஒரே சொல்லால் வினவுவது பிழைபட்ட முடிவுக்கு இட்டுச்செல்லக்கூடும். ‘விட முடியாமை’, ‘விட மனமின்மை’ ஆகிய இரண்டையும் தனித்தனியே வினவுவது தக்கது.

3. அறிவு மறைப்பை நன்னூல் ஆளின் இயல்பாகக் காட்டுகிறது. கூலி முறையும் பணியமைப்பும் அவ்வியல்பை உருவாக்குவதைத் தொழில் நடைமுறை காட்டுகிறது. கற்பிக்கும் நேரத்துக்குக் கூலி இல்லாத இடத்தில் கற்பித்தலை எதிர்பார்ப்பது முறையன்று.

4. ஊர்ப்பிணைப்பும் தொழிற்பிணைப்பும் நிறுவனப் பிணைப்பைவிடப் பரந்த பகிர்வுக்கு இடமளிக்கின்றன. பாடி கட்டும் தொழில் நாமக்கல் நகரில் செறிந்து நிற்பது இதனை உணர்த்துகிறது.

5. பகிர்வுக்குப் பற்று மட்டும் போதாது. கற்போர் நிற்க ஓரிடமும் வேண்டும். கிளீனரின் இடம் மறைந்தது, ஒரு பணியாளின் இழப்பு மட்டுமன்று; ஒரு கல்விமுறையின் இழப்புமாகும்.

பிறர்க்கு எடுத்துரைப்பதால் புலமையின் அரைப்பங்கு நிறையும் என்னும் நன்னூலின் கணக்கை ஏற்றால், கற்றுத்தரும் வாய்ப்பை இழக்கும் தொழிலாளி தன் அறிவின் பாதியையும் இழக்கிறார். தொழிலாளர் எத்தனை ஆண்டுகள் நிலைத்திருந்தனர் என்பதோடு, அவ்வாண்டுகளில் எத்தனை பேரை உருவாக்கினர் என்பதையும் பணிப்பிணைப்பு ஆய்வுகள் கணக்கிற்கொள்ள வேண்டும்.